விழுந்தாலும் கணக்குத் தவறாத கணினி

அக்கரைப்பற்றில் இருக்கும் ஓர் உம்மா, பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குக் கைத்தொலைபேசி மூலம் 10,000 ரூபா அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இது திரையில் ஒரு தட்டல். வங்கியின் கணினிக்கோ இரண்டு வேலைகள். உம்மாவின் கணக்கிலிருந்து 10,000 ரூபாவைக் கழிக்க வேண்டும். மகளின் கணக்கில் அதைக் கூட்ட வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குமுன் கணினி நின்றுவிட்டால்? உம்மாவிடமும் காசு இல்லை, மகளிடமும் இல்லை. விடுதிக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணம் காற்றோடு போய்விடும்.

மின்தடை நமக்குப் புதியதல்ல. 2020 ஓகஸ்ட் 17 அன்று நாடு முழுவதுமே மணிக்கணக்காக இருளில் கிடந்தது. வங்கிகளிடம் மின்பிறப்பாக்கிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மின்பிறப்பாக்கியும் பழுதாகும், வன்தட்டும் பழுதாகும், மென்பொருளும் தடுக்கி விழும். கணினியின் எந்தப் பாகமும் ஒரு நாள் நின்றே தீரும். நிற்கக்கூடிய பாகங்களைக் கொண்டு, நம்பத்தகுந்த ஒரு முழுமையை எப்படிக் கட்டினார்கள் என்பதே இக்கட்டுரையின் விடயம். தகவல் தொழினுட்பம் படிக்காத மாணவிகளும் பெற்றோரும் இதைத் தயங்காமல் வாசிக்கலாம்; கணக்கீடு படித்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

தரவைச் சேமிக்கும் கதையிலிருந்து தொடங்குவோம். 1956 இல் ஐபிஎம் நிறுவனம் ‘ராமக்’ என்ற இயந்திரத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும். ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட நிறை. அத்தனையும் சேர்ந்து தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளை மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படத்துக்கே அது போதாமல் போகலாம். என்றாலும், துளையிட்ட அட்டைகளை முதலிலிருந்து கடைசி வரை புரட்டாமல், வேண்டிய பதிவை நேரே சென்று எடுக்கும் வசதி அதிலேதான் வந்தது.

இடம் கிடைத்தது. ஒழுங்கு கிடைக்கவில்லை. ஒரு பாடசாலையை எண்ணிப் பாருங்கள். வரவு இடாப்பில் மாணவியின் முகவரி இருக்கிறது. நூலகப் பதிவேட்டிலும், வசதிக் கட்டணப் பதிவேட்டிலும் அதே முகவரி இருக்கிறது. அவள் வீடு மாறுகிறாள். வகுப்பாசிரியை இடாப்பைத் திருத்துகிறார், மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன. இப்போது எது உண்மை? பெரிய நிறுவனங்களின் கணினிகள் 1960களில் இந்தச் சிக்கலில்தான் மாட்டியிருந்தன. தரவு மரக்கிளைகளைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்ததால், எந்தக் கிளை வழியே போக வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே அறிந்திருக்க வேண்டியிருந்தது. கிளையை மாற்றினால் நிரல் உடையும்.

எட்கர் கொட் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு விடை கண்டார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையில் பணியாற்றிய இவர், பின்னர் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். 1970 இல் வெளியான அவருடைய கட்டுரையின் கருத்து எளிமையானது. தரவை வெறும் அட்டவணைகளாக வையுங்கள். ஒவ்வோர் உண்மையையும் ஓரிடத்தில் மட்டும் எழுதுங்கள். மற்ற அட்டவணைகளில் ஓர் இலக்கத்தைக் கொண்டு அதைச் சுட்டுங்கள். நூலகப் பதிவேட்டில் முகவரியே வேண்டியதில்லை, மாணவியின் சேர்விலக்கம் போதும். முகவரி வேண்டுமானால் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு மாணவர் அட்டவணைக்குப் போகலாம்.

இரண்டாவது பகுதி இன்னும் துணிச்சலானது. கேட்பவர் தமக்கு ‘என்ன வேண்டும்’ என்று மட்டும் சொல்லட்டும், ‘எப்படித் தேடுவது’ என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்றார் கொட். நடக்காத காரியம் என்று பலர் தலையாட்டினார்கள். ஐபிஎம்முக்கோ பழைய முறையில் நல்ல வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. புதியதைக் கடைக்குக் கொண்டுவர அது அவசரப்படவில்லை. 1974 இல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் இதற்கான வினவல் மொழியை வெளியிட்டார்கள். இன்று எஸ்கியூஎல் என்று நாம் படிப்பது அதுதான். கணினி தானாகவே மலிவான தேடல் வழியைத் தெரிவுசெய்யும் முறையை 1979 இல் பட்ரிசியா செலிங்கர் என்ற பெண் ஆய்வாளர் தம் குழுவினருடன் விளக்கிக் காட்டினார். கொட் பேசியது பேச்சாகவே நின்றுவிடாமல் வேகமாக ஓடும் பொருளானதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. பாடநூல்கள் இவருடைய பெயரை இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

இனி உம்மாவின் 10,000 ரூபாவுக்கு வருவோம். அதே ஆய்வுகூடத்தில் இருந்த ஜிம் கிரே, ‘கொடுக்கல் வாங்கல்’ என்ற கருத்தைக் கணினிக்குத் துல்லியமாக வரையறுத்தவர்களில் முதன்மையானவர். கழித்தலும் கூட்டலும் சேர்ந்து ஒரே கொடுக்கல் வாங்கல். ஒன்றில் இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கவே கூடாது. சொல்ல எளிது, செய்வது எப்படி?

வர்த்தகப் பிரிவு மாணவிகள் உடனே விடை சொல்வார்கள்: முதலில் நாளேடு, பிறகு பேரேடு. உம்மாவின் கணக்கில் 25,000 ரூபாவும் மகளின் கணக்கில் 2,000 ரூபாவும் இருந்தன என்போம். கணினி பேரேட்டைத் தொடுவதற்கு முன்பே நாளேட்டில் இப்படி எழுதுகிறது: உம்மா, பழையது 25,000, புதியது 15,000. மகள், பழையது 2,000, புதியது 12,000. இவ்விரண்டின் கீழே ‘முடிந்தது’ என்ற குறி. அந்தக் குறி வன்தட்டில் பத்திரமாகப் பதிந்த பிறகே உம்மாவின் திரையில் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்ற செய்தி தோன்ற வேண்டும்.

நடுவில் கணினி விழுந்து மீண்டும் எழுந்தால், முதலில் நாளேட்டைப் புரட்டுகிறது. ‘முடிந்தது’ என்ற குறி இல்லையா? பழைய தொகைகளைத் திருப்பி எழுதுகிறது. உம்மாவுக்கு 25,000 அப்படியே இருக்கும், மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். குறி இருக்கிறதா? புதிய தொகைகளைப் பேரேட்டில் எழுதி முடிக்கிறது. இந்தத் திருத்த வேலையின் நடுவிலேயே மறுபடியும் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நாளேட்டில் ‘10,000 கழி’ என்று எழுதவில்லை, ‘15,000 ஆக்கு’ என்றே எழுதியிருக்கிறது. கழிப்பதை இருமுறை செய்தால் கணக்குப் பிழைக்கும். 15,000 ஆக்குவதைப் பத்து முறை செய்தாலும் அது 15,000 தான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

ஏடு சரி, ஏட்டைத் தாங்கும் இயந்திரம்? 1974 இல் ஜேம்ஸ் ட்ரெய்பிக் கலிபோர்னியாவில் தொடங்கிய டென்டம் நிறுவனம், எல்லாவற்றிலும் இரண்டை வைத்து ‘நொன்ஸ்டொப்’ என்ற சேவையகத்தைச் செய்தது. அதன் செயலிகள் ஒன்றுக்கொன்று நொடிக்கொரு தரம் ‘உயிரோடிருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். செய்தி வராவிட்டால் மற்றது வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். வங்கிகளும் பங்குச் சந்தைகளும் இதைத் தேடி வாங்கின.

வன்தட்டுகளுக்கு இதைவிட மலிவான உபாயம் 1988 இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோரின் கட்டுரையில் வந்தது. அதன் பெயர் ‘ரெயிட்’. மூன்று தட்டுகளில் 7, 5, 9 என்ற எண்கள் இருக்கின்றன. நான்காவது தட்டில் அவற்றின் கூட்டுத்தொகை 21 ஐ எழுதிவையுங்கள். இரண்டாவது தட்டு எரிந்துபோனால் 21 இலிருந்து 7 ஐயும் 9 ஐயும் கழியுங்கள். தொலைந்த 5 திரும்பிவிடும். உண்மையில் கணினி இதை ஒற்றை, இரட்டைக் கணக்காகச் செய்கிறது, தத்துவம் ஒன்றே. பிற்காலத்தில் ஒரே தரவைப் பல சேவையகங்களில் வைத்து, பெரும்பான்மையானவை ஒத்துக்கொண்டால் மட்டும் மாற்றத்தை ஏற்கும் முறைகள் வந்தன. அவற்றுள் முந்திய ஒன்றை 1988 இல் பிரையன் ஓகியுடன் சேர்ந்து வெளியிட்டவர் பார்பரா லிஸ்கொவ். கணினித் துறையின் அதியுயர் விருதான டியூரிங் விருதை 2008 இல் பெற்ற பெண்மணி இவர்.

டென்டம் நிறுவனத்துக்கு மாறிய ஜிம் கிரே, 1985 இல் ஒரு கேள்வி கேட்டார்: இவ்வளவுக்குப் பிறகும் கணினிகள் ஏன் நிற்கின்றன? தம் நிறுவனத்தின் இயந்திரங்கள் நின்றுபோன சம்பவங்களைப் பகுத்துப் பார்த்தார். வன்பொருளால் நின்றவை நூற்றுக்கு 18 மாத்திரம். மென்பொருளால் 25. இயக்குதல், பராமரித்தல், அமைத்தல் ஆகியவற்றில் நேர்ந்த தவறுகளால் 42. இயந்திரத்தை இரட்டித்து இயந்திரத்தின் பழுதைக் குறைத்துவிட்டார்கள். மிஞ்சியது பெரும்பாலும் மனிதரின் கை.

இதனால்தான் இரட்டித்தல் வேறு, காப்புப் பிரதி வேறு என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இரண்டு தட்டுகளில் ஒரே தரவு இருக்கும்போது தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், இரண்டிலும் அது அதே நொடியில் அழியும். தீய மென்பொருள் ஒன்றைப் பூட்டினால் மற்றதையும் பூட்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமை மீது இத்தகைய தாக்குதல் நடந்தபோது, சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. அந்த நாட்களில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்கு விடை வராமல் காத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

துறைசார்ந்தோர் மூன்று பிரதிகள் வைக்கச் சொல்கிறார்கள். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில், வலையமைப்போடு இணையாமல் இருக்க வேண்டும். இதைச் செய்கிற நிறுவனங்கள் சில உண்டு. பிரதியிலிருந்து தரவை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்க்கும் நிறுவனங்கள் அவற்றிலும் குறைவு. அந்த ஒத்திகைக்கு ஒரு வெற்றுக் கணினியும், ஒரு விடுமுறை நாளும், பொறுமையான ஒரு பணியாளரும் போதும்.