நாரும் தண்ணீரும் போதும்: வீட்டில் காகிதம் செய்ய ஒரு வழிகாட்டி

செய்தித்தாளிலிருந்து இரண்டு துண்டுகள் கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றைச் சமையல் எண்ணெயிலும் ஐந்து நிமிடம் ஊறவிட்டு இழுத்துப் பாருங்கள். தண்ணீரில் ஊறியது தொட்டதும் பிய்ந்துவிடும். எண்ணெயில் ஊறியது பழைய வலுவை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். காகிதத்தைப் பிடித்து வைத்திருப்பது எது என்ற கேள்விக்கு இந்தச் சோதனையிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

செடிகளின் நார் பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸின் நீண்ட சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. ஈர நார்கள் உலரும்போது, வெளியேறும் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் அவற்றை நெருக்கமாக இழுக்கிறது. போதிய அளவு நெருங்கியதும் ஒரு நாரின் ஹைட்ராக்சிலும் பக்கத்து நாரின் ஹைட்ராக்சிலும் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகின்றன. மறுபடி தண்ணீர் பட்டால் அது இடையில் புகுந்து பிணைப்பை அவிழ்த்துவிடும். எண்ணெய்க்கு அந்தத் திறன் கிடையாது. ஆக, காகிதத்துக்குப் பசை தேவையில்லை. நார்கள் ஒன்றையொன்று எவ்வளவு பரப்பில் தொடுகின்றன என்பதே அதன் வலுவைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாமே இந்தத் தொடுபரப்பைக் கூட்டுவதற்கானவை. சேர்மானப் பொருள்கள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

மூலப்பொருள்: எதை எடுப்பது, எதை ஒதுக்குவது

மரத்தில் செல்லுலோஸ் பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதியில் பெரும்பங்கு லிக்னின், ஹெமிசெல்லுலோஸ். இவற்றில் லிக்னின்தான் வெயிலில் பழுத்து மஞ்சளாகும். செய்தித்தாளில் லிக்னின் நீக்காத கூழ் சேர்வதால்தான் அது சீக்கிரம் பழுப்பேறுகிறது. பருத்தியில் செல்லுலோஸ் 90 சதவீதத்துக்கும் மேல். நம் ரூபாய் நோட்டுத் தாளுக்குப் பருத்தி பயன்படுவதற்குப் பருத்தி நாரின் வலுவே காரணம். மரத்தை நம்பாமலும் காகிதம் செய்யலாம் என்பதற்குக் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய டிஎன்பிஎல் ஆலை சாட்சி. கரும்புச் சக்கைதான் அதன் முக்கிய மூலப்பொருளாக இருந்துவந்திருக்கிறது.

வீட்டுக்கு ஏற்ற கலவை இது: எழுதி முடித்த நோட்டு, ஒருபக்கம் அச்சான அலுவலகத் தாள் ஆகியவை 70 பங்கு, வாழை நார் 30 பங்கு. பழைய தாள் மட்டும் போதாதா என்றால், போதும். ஆனால் தாள் வலுக்குறைவாக இருக்கும். ஒருமுறை உலர்ந்த நார் மறுபடி நனைந்தாலும் முன்புபோல ஊதி நெகிழ்வதில்லை. ஒவ்வொரு மறுசுழற்சியிலும் அதன் பிணையும் திறன் குறைந்துகொண்டே போகும். புதிய வாழை நார் அந்தக் குறையை ஈடுகட்டும்.

வழவழப்பான பத்திரிகை அட்டை, பிளாஸ்டிக் பூசிய தாள், கடை பில் ஆகியவற்றை ஒதுக்குங்கள். பில் தாள் வெப்பத்தில் அச்சாவது. அதன் பூச்சில் பிஸ்பீனால் வகை ரசாயனங்கள் இருக்கக்கூடும்.

அளவுக் கணக்கு

காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது அதன் பொருள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும்.

நாம் செய்யப்போவது 21 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவில், 120 ஜிஎஸ்எம் தாள். பரப்பு 0.0315 சதுர மீட்டர். 120-ஆல் பெருக்கினால் தாளுக்குச் சுமார் 3.8 கிராம் நார். 50 கிராம் உலர்ந்த நாரை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 0.5 சதவீதக் கூழ். அதில் 760 மி.லி. எடுத்தால் 3.8 கிராம் நார் வந்துவிடும். ஒரு வாளிக் கூழில் 13 தாள். இவ்வளவு நீர்க்கக் கரைப்பது வீண் என்று எண்ண வேண்டாம். பெரிய ஆலைகளிலும் கூழ் சல்லடையில் விழும்போது 0.5 முதல் 1 சதவீதம்தான் நார் இருக்கும். அதைவிடக் கெட்டியானால் நார்கள் ஒன்றோடொன்று சிக்கித் திரளும்.

தேவையான பொருள்கள்

* பழைய தாள் 35 கிராம் (ஏ4 என்றால் 7 தாள்), உலர்ந்த வாழை நார் 50 கிராம் (கொஞ்சம் மிஞ்சும்)
* சலவைச் சோடா 10 கிராம்
* ஒரே அளவில் இரண்டு மரச்சட்டங்கள். உள்ளளவு 21 × 15 செ.மீ. கீழ்ச்சட்டத்தில் கொசு வராமல் ஜன்னலுக்கு அடிக்கும் வலையை இறுக்கி அடியுங்கள். மேல்சட்டம் 7 செ.மீ. உயரம், வலை இல்லாமல்
* சட்டம் தாராளமாக உள்ளே போகும் அகலமான டப், 10 லிட்டர் வாளி, அளவுக் குவளை
* பழைய பருத்தித் துணிகள், இரண்டு பலகைகள், கண்ணாடி அல்லது வழவழப்பான லேமினேட் பலகை
* மிக்ஸி. அச்சு மை பட்ட தாளை அரைப்பதால், சமையலுக்கு எடுக்காத பழைய ஜார் ஒன்றை இதற்கென ஒதுக்கிவிடுங்கள்

படி 1: வேகவைத்தல்

வாழை நாரை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக நறுக்கி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் நாரை இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவையுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். லிக்னினையும் பெக்டினையும் இளக்கி வெளியேற்றுவதே இதன் நோக்கம். இதே வேலைக்கு ஆலைகள் காஸ்டிக் சோடா பயன்படுத்துகின்றன. அது தோலையும் கண்ணையும் பொசுக்கும், வீட்டில் வேண்டாம். ஒரு துண்டை விரலால் இழுத்தால் எதிர்ப்பில்லாமல் இழை இழையாகப் பிரிய வேண்டும். அதுதான் வெந்ததற்கு அடையாளம்.

படி 2: அலசுதல்

காரம் மிஞ்சினால் தாளின் நிறம் கெடும். நாரைத் துணியில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். போதுமா என்று பார்க்க, பிழிந்த நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். செம்மை தட்டினால் காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் போதும்.

கையால் இறுகப் பிழிந்த நாரில் தோராயமாக ஐந்தில் ஒரு பங்குதான் உலர்ந்த நார். எனவே 15 கிராம் நாருக்கு, பிழிந்ததில் 75 கிராம் எடுங்கள். துல்லியம் வேண்டுமானால் 20 கிராம் ஈர நாரை வெயிலில் உலர்த்தி எடை பார்த்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.

படி 3: அரைத்தல்

காகிதத்தின் தலையெழுத்து எழுதப்படுவது இங்கேதான். வேகவைத்த நார், நீண்ட வழவழப்பான குழல். அது இன்னொரு நாரைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. நன்றாக நசுங்கினால் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. நாரின் சுவர் உள்ளுக்குள் தளர்ந்து தண்ணீரை உறிஞ்சி நெகிழ்ந்து தட்டையாகிறது. வெளிப்பரப்பிலிருந்து மெல்லிய நுண்ணிழைகள் பிரிந்து நீட்டிக்கொள்கின்றன. இரண்டுமே தொடுபரப்பைப் பல மடங்கு கூட்டும்.

நசுக்குவது வேறு, வெட்டுவது வேறு. மிக்ஸி பிளேடு நாரை வெட்டித்தான் போடும். நார் குறுகினால் தாள் சீராக வரும். ஆனால் எளிதில் கிழியும். அதனால் முதலில் வாழை நாரை உரலில் உலக்கையாலோ, கல்லின் மேல் மரச்சுத்தியாலோ, ஈரம் காயாமல் அரைமணி நேரமாவது இடியுங்கள். பிறகு ஜாரில் முக்கால் பங்கு தண்ணீரும் ஒரு பிடி நாரும் போட்டு, சில நொடிகள் மட்டும் விட்டு விட்டுச் சுற்றுங்கள். தண்ணீர் குறைந்தால் நார் பிளேடில் சுற்றி மோட்டார் சூடேறும்.

பழைய தாளுக்கு இடி தேவையில்லை. துண்டாக்கி, ஒரு இரவு ஊறவைத்து, மிக்ஸியில் அரை நிமிடம் அடித்தால் போதும். பிறகு இரண்டு கூழையும் வாளியில் சேர்த்து, 10 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

பதம் பார்க்க, ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் கூழ் போட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடியுங்கள். கட்டியோ முடிச்சோ தெரியாமல் ஒரே சீராகக் கலங்கியிருக்க வேண்டும். அதிகம் அரைத்துவிடுவதும் தவறுதான்: தண்ணீர் வடிய நேரமாகும், உலரும்போது தாள் சுருங்கி விறைக்கும்.

படி 4: சேர்மானங்கள்

ஒவ்வொரு சேர்மானமும் ஒரு வேலையைச் செய்துவிட்டு, பதிலுக்கு ஒரு விலையும் கேட்கும். முதலில் அதைத் தெரிந்துகொண்டு பிறகு சேருங்கள்.

*நிரப்பி:* கால்சியம் கார்பனேட் தூள். நார்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை அடைத்து, தாளை வெண்மையாகவும் வழவழப்பாகவும், மறுபக்க எழுத்து தெரியாததாகவும் ஆக்கும். காற்றிலிருந்து வரும் அமிலத்தைச் சமன்செய்து ஆயுளையும் நீட்டிக்கும். விலை: நாருக்கும் நாருக்கும் நடுவே அது உட்காருவதால் பிணைப்பு குறைந்து தாள் வலுவிழக்கும். 50 கிராம் நாருக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம். அச்சுத் தாளை மூலப்பொருளாக எடுத்தால் அதில் ஏற்கெனவே நிரப்பி இருக்கும், தவிர்த்துவிடலாம்.

*மாவுச்சத்து:* ஒரு கிராம் மரவள்ளி மாவை 100 மி.லி. தண்ணீரில் கண்ணாடி நிறம் வரும்வரை காய்ச்சி, ஆறவைத்துக் கூழில் கலக்குங்கள். பிணைப்பு கூடும். தண்ணீரில் நார், நிரப்பி இரண்டுமே பெரும்பாலும் எதிர்மின்னேற்றத்துடன் ஒன்றையொன்று விலக்கும். அதனால் ஆலைகளில் நேர்மின்னேற்றம் கொடுத்த மாவுச்சத்தைச் சேர்த்து இரண்டையும் பிடித்துவைக்கிறார்கள். நம் சாதாரண மாவில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். விலை: மிஞ்சினால் தாள் சல்லடையில் ஒட்டும், பூஞ்சை பிடிக்கும்.

*படிகாரம்:* ரோசின் என்ற மரப்பிசினும் படிகாரமும் சேர்த்து மை ஊறாத தாள் செய்யும் முறையை 1807-இல் வெளியிட்டவர் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக். மலிவான அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. விலையைப் பின்னால்தான் கொடுக்க வேண்டியிருந்தது. படிகாரத்தின் அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை மெல்ல அறுத்ததால், அந்தக் காலத்துப் புத்தகங்கள் மடித்த இடத்தில் நொறுங்குகின்றன. பின்னாளில் ஆலைகள் கார முறைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், படிகாரமும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்தால் நுரைத்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். நமக்குப் படிகாரம் வேண்டாம்.

படி 5: தாள் எடுத்தல்

கூழைக் கையால் வாரி எடுப்பதைவிட, அளந்து ஊற்றும் முறை புதியவர்களுக்கு நல்லது. ஒவ்வொரு தாளும் ஒரே கனத்தில் வரும்.

வலைச் சட்டத்தின் மேல் வெறுஞ்சட்டத்தை வைத்து, வலைக்கு மேல் 2 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி டப்பில் அமிழ்த்திப் பிடியுங்கள். வாளிக் கூழை அடிவரை கலக்கி, 760 மி.லி. அளந்து சட்டத்துக்குள் பரவலாக ஊற்றுங்கள். விரலால் லேசாக அளைந்துவிட்டு, மட்டம் சாயாமல் மேலே தூக்குங்கள். தண்ணீர் வடியும் அந்தச் சில நொடிகளில் முன்னும் பின்னும், இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுங்கள். நார்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகப் படியும். இயந்திரத்தில் சல்லடை ஒரே திசையில் ஓடுவதால் நார்களும் பெரும்பாலும் அந்தத் திசையில் படுக்கின்றன. செய்தித்தாள் ஒரு பக்கம் நேராகக் கிழிந்து, மறுபக்கம் கோணலாகப் போவது அதனால்தான்.

படி 6: பெயர்த்தல், அழுத்துதல்

மேல்சட்டத்தை எடுத்துவிட்டு, ஈரத் துணியின் மேல் வலையைக் கவிழ்த்து, பின்புறம் ஸ்பான்ஜால் ஒற்றித் தண்ணீரை உறிஞ்சுங்கள். ஒரு ஓரத்திலிருந்து சட்டத்தை மெல்ல உயர்த்தினால் தாள் துணியில் தங்கிவிடும். அதன்மேல் இன்னொரு துணி, மறுபடி தாள் என்று அடுக்குங்கள்.

அடுக்கை இரு பலகைகளுக்கு நடுவே வைத்து, முதலில் கையழுத்தம், பிறகு ஆள் ஏறி நிற்கும் பாரம் என்று படிப்படியாகக் கூட்டுங்கள். எடுத்தவுடன் பெரும்பாரம் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் தாளைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அழுத்தத்தில் நார்கள் நெருங்குவதால், இந்தப் படியில் சோம்பினால் தாள் பஞ்சாகத்தான் இருக்கும்.

படி 7: உலர்த்துதல், கஞ்சி போடுதல்

ஈர நார் உலரும்போது நீளத்தைவிடக் குறுக்கில் அதிகம் சுருங்கும். கொடியில் போட்டால் தாள் சுருண்டு நெளியும். கண்ணாடியிலோ லேமினேட் பலகையிலோ ஒட்டி, துணியால் நீவி, நிழலில் விடுங்கள். முழுதும் காய்ந்தபின் ஓரம் தானாகவே எழும்பும். அதற்குமுன் உரிக்க வேண்டாம்.

இப்படி வந்த தாளில் பேனா மை பரவும். படம் வரையவோ அட்டை செய்யவோ என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எழுத வேண்டுமானால், வேட்டிக்குப் போடுவதுபோல இதற்கும் ஒரு கஞ்சி போட வேண்டும். 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் ஜெலட்டினை அரைமணி ஊறவைத்து, கொதிக்கவிடாமல் கைபொறுக்கும் சூட்டில் கரைத்து, பிரஷால் இருபுறமும் பூசி, மறுபடி பலகையில் உலர்த்துங்கள். சைவமாக வேண்டும் என்பவர்கள் மரவள்ளி மாவுக் கஞ்சி பூசலாம். அதில் தாள் விறைப்பாகும், ஆனால் மையைத் தடுக்கும் திறன் குறைவு.

தவறும் தீர்வும்

* தாள் துணிக்கு மாறாமல் வலையிலேயே நிற்கிறது: துணி காய்ந்திருக்கும், அல்லது கூழ் மிக மெல்லியதாக விழுந்திருக்கும்.
* வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது: நார் திரண்டிருக்கிறது. மேலும் நீர்க்கக் கரையுங்கள்.
* மடித்தால் உடைகிறது: நிரப்பி கூடிவிட்டது, அல்லது பழைய தாள் அதிகம்.
* கூழ் நாறுகிறது: நம் வெயிலில் இரண்டு நாளுக்குமேல் தாங்காது. இறுகப் பிழிந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மிச்சக் கூழைச் சாக்கடையில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். வடிந்த தண்ணீரை அடுத்த தொகுதி கரைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆலைகளும் வடிநீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டே பயன்படுத்துகின்றன.

கடைசியாக ஒரு யோசனை. முதல் வாளியில் எதையும் சேர்க்காமல் வெறும் நாரிலும் தண்ணீரிலும் தாள் எடுங்கள். அது நன்றாக வராவிட்டால், மாவோ நிரப்பியோ அதைக் காப்பாற்றாது. திரும்ப அரைப்புக்குத்தான் போக வேண்டும். நன்றாக வந்தபின் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் கூட்டுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் கலவை அளவையும் எடையையும் பென்சிலால் குறித்து வையுங்கள். அந்தக் கட்டு, வேறு யாருடைய செய்முறையையும்விட உங்களுக்கு அதிகம் உதவும்.