மறதி இல்லை, அலுப்பு

லூபஸ் நோய்க்குத் தவறாமல் மாத்திரை போட வேண்டும் என்றதும் கிடைக்கும் முதல் யோசனை, "செல்லுல அலாரம் வெச்சுக்கோங்க." வைக்கலாம், தப்பில்லை. ஆனால் எனக்கு மாத்திரை விட்டுப்போவது பெரும்பாலும் மறதியால் அல்ல. அலாரம் அடிக்கும், கை தானாகப் போய் அதை அணைக்கும், மாத்திரை அட்டை கண்ணெதிரே மேஜைமேல் கிடக்கும். எடுத்துப் போட மனசு வராது. போட்டு என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு. மற்றவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். என் கணக்கில் மனச்சோர்வு மறுபடி தலைதூக்குகிறது என்பதற்கு இதுதான் முதல் அறிகுறி, அழுகையெல்லாம் அப்புறம்தான்.

லூபஸ்காரர்களுக்கு மனச்சோர்வு அபூர்வமல்ல. நோயே மூளையைத் தொடலாம். ஓயாத மூட்டுவலி தூக்கத்தைக் கெடுக்கும். போதாததற்கு ஸ்டீராய்டும் சிலருக்கு மனநிலையைப் புரட்டிப்போடும். அதில் முகம் உப்பியிருக்கும்போது கல்யாண வீட்டில் சித்தி, "இப்பதான்டி பூசினாப்ல அழகா இருக்கே" என்று பாராட்டுவது தனிக் கொடுமை.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் விஷயம்தான் எல்லாவற்றிலும் ஏமாற்று. மலேரியாவுக்கு வந்த மருந்து அது. லூபஸில் வேலை காட்டச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். உடம்பைவிட்டுப் போவதும் அதே நிதானத்தில்தான்: பாதி வெளியேறவே ஏறக்குறைய 40 நாள். அதனால் ஒரு வாரம் விட்டால் ஒன்றுமே தெரியாது. 'பார், மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கிறேன்' என்று சோர்ந்த மனசு வாதாடும். பிறகு மூட்டு வீங்கும்போது, என்றைக்கோ விட்ட மாத்திரை யாருக்கு நினைவிருக்கும்? ஸ்டீராய்டு அப்படியல்ல. பல வாரம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எதுவுமே வேண்டாம் என்றிருக்கும் நாளிலும் அதைக் காலைச் சாப்பாட்டோடு போட்டுவிடுகிறேன். காலையில் போட்டால் ராத்திரித் தூக்கமும் அவ்வளவாகக் கெடுவதில்லை.

அட்டையின் பின்பக்கம், ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகப் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதிவிடுவேன். மாதக் கடைசியில் மிஞ்சியது எந்தெந்தத் தேதி என்று பார்த்தால், அந்த மாதம் மனசு எப்போது சரிந்தது என்பது அப்படியே தெரியும். அட்டைகளைத் தூக்கிப்போடாமல் ஓ.பி.க்குக் கொண்டுபோவேன்.

டாக்டர்கள் கேட்கும் விதமும் முக்கியம். "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் "ஆமா டாக்டர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "எல்லாருக்கும் விட்டுப்போகும்மா, போன வாரம் எத்தனை வேளை விட்டுச்சு?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு உண்மை வந்தது. அடுத்து, கடந்த 2 வாரத் தூக்கம், பசி, ஆர்வம் பற்றி 9 கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 தாளை நீட்டினார். மனநல மருத்துவரிடம் போனது அதன் பிறகுதான். வீட்டில் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

மனநல மருத்துவரிடம் லூபஸ் மருந்துச் சீட்டு முழுவதையும் காட்டுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் எஸ்சிட்டலோபிராம் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகளும் இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கக்கூடியவை. சேர்த்துத் தருவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லலாம். சந்திப்புக்கு நாளிருக்கிறது, ராத்திரி தாங்கவில்லை என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.