காப்பு நகலுக்கு இடம் எது?

1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. கணிப்பொறிக் கோப்புகளுக்கும் இக்கேடு உண்டு. அதைத் தடுக்கும் மென்பொருள்களுள் ஒன்றான 'பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்' பற்றி நான் அறிந்ததைக் கூறுகிறேன். 2020-இல் இதன் முதல் பதிப்பு வந்தது. இலவசமாகவே நிறுவலாம்.

முதல் வேலை 'டேட்டாஸ்டோர்' என்னும் களஞ்சியம் அமைப்பது. வட்டிலுள்ள ஒரு கோப்புறைதான் அது. வரும் தரவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் எஸ்.எச்.ஏ.-256 முறையில் கைரேகை போன்றதோர் எண் கணக்கிட்டு, ஒரே துண்டை ஒருமுறை மட்டுமே சேமிக்கும். நாள்தோறும் நகலெடுத்தும் களஞ்சியம் விரைவில் நிரம்பாமைக்கு இதுவே காரணம்.

பழைய நகலைக் கழித்தவுடன் இடம் காலியாகும் என்று பலரும் எண்ணுவர். அப்படியன்று! பட்டியல் மட்டுமே நீங்கும்; துண்டுகள் கிடக்கும். அவை வேறொரு நகலுக்கும் உரியவையாக இருக்கலாமல்லவா? எந்த நகலுக்கும் வேண்டாத துண்டுகளைக் 'குப்பை அகற்றல்' என்னும் தனி வேலையே நீக்கும். அதுவும் ஒரு நாளுக்குமேல் தொடப்படாதவற்றை மட்டும். வட்டு முழுதும் நிரம்பிவிட்டால் அவ்வேலையே நின்றுபோகலாம். ஆகவே முன்கூட்டியே அதற்கு நேரம் குறித்துவிட வேண்டும்.

இவற்றைவிட இடத்தேர்வே முக்கியம் என்பேன். 2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரக் கரையில் ஆழிப்பேரலை ஏறியது. அங்கே மூலமும் நகலும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். சுமார் 30 கி.மீ. உள்ளே, செங்கற்பட்டில் இன்னொரு சர்வர் வைத்து, 'சிங்க்' வேலை மூலம் இரவுதோறும் நகல்களை இழுத்துக்கொள்ளச் செய்யலாம். மூலக் களஞ்சியத்தில் மறைந்தவற்றை இங்கும் நீக்கும் வசதி ஒன்று அதில் உண்டு. அதை மட்டும் இயக்காமல் விடுவது நலம். அங்கே எவரேனும் அழித்தாலும் இங்கே நகல் தங்கும்.