நிலவைக் காட்டும் விரல்
(ஆட்டிசம் குறித்து இல்லத்திலிருந்தே கற்போம்)



ஆலயத்தில் மாலைப் பூசை நடைபெறுகிறது. மணியும் தவிலும் முழங்க, தீபாராதனை காட்டப்படும் வேளை. கூட்டத்தின் நடுவே ஒரு சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அலறுகிறான். "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று ஒருவர் முணுமுணுக்கிறார். "கண்ணூறு பட்டிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டுங்கள்" என்கிறார் இன்னொருவர். தாய் திருநீறுகூடப் பெறாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வருவதில்லை.

இத்தகைய காட்சியை ஜொகூர் ஆலயங்களில் நம்மில் பலர் கண்டிருக்கலாம். அத்தாயைக் கோயிலை விட்டு அனுப்பியது நம் அறியாமையே. அதனைப் போக்கிக்கொள்ள, வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்களாகிய நாம் என்ன கற்கலாம், எவ்வாறு கற்கலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டிசம் என்பது யாது?

தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும் ஆட்டிசம், மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் அது சிரமம் தரும். சொன்னதையே திரும்பச் சொல்லுதல், பொருள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருத்தல், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றைத் தாங்க இயலாமை போன்றவையும் காணப்படலாம். எல்லாக் குழந்தைகளிடமும் இது ஒரே விதமாக இருப்பதில்லை. சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் சரளமாகப் பேசுவார்கள். 2021-ஆம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ளது.

இதன் தொடக்க அறிகுறி ஒன்றை நம் இலக்கிய மரபைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஏழாவது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது அது. நம் வீடுகளிலும் தாய் நிலவைச் சுட்டிக் காட்டிச் சோறூட்டுவாள். குழந்தை அவள் விரல் போகும் திசையில் நிலவைப் பார்க்கும்; பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும்; தானும் விரல் நீட்டும். இருவர் சேர்ந்து ஒன்றைக் கண்டு மகிழும் இந்தச் சிறு செயல், பேச்சுக்கும் பழக்கத்துக்கும் அடித்தளம். ஒன்றரை வயதாகியும் குழந்தை சுட்டிக் காட்டாமலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் ஒன்றரை வயதில் தாயிடம் கேட்கப்படும் ஆம்–இல்லை கேள்விகள் இவற்றைக் கண்டறியவே. "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்று பாட்டி சொல்லும் ஆறுதலில், பயிற்சிக்கு உகந்த ஆண்டுகள் கழிந்துவிடக் கூடாது.

தாயைப் பழித்த காலம்

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கன்னர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தைத் தனி நிலையாக அடையாளம் காட்டினார். ஆனால் அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்று படித்தவர்களே நம்பினர். நம் கோயில் மண்டபத்து முணுமுணுப்பை அன்று மருத்துவ உலகமே முணுமுணுத்தது.

அதனை எதிர்த்து நின்றவர்களுள் முக்கியமானவர் ஒரு தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லாண்டுக்கு 1956-இல் மகன் பிறந்தான். மகனின் நடத்தையைக் கண்ட மனைவிக்குக் கல்லூரியில் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. இருவரும் பழைய பாடப்புத்தகப் பெட்டிகளைத் திறந்து தேடினர். அங்கேதான் 'ஆட்டிசம்' என்ற சொல்லைக் கண்டனர். உளவியல் பட்டம் பெற்றவரே அதுவரை அறியாத சொல் அது! வேலையோடு வேலையாகக் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, 1964-இல் அவர் நூல் வெளியிட்டார். ஆட்டிசத்துக்குக் காரணம் உடலியல் சார்ந்தது, தாயின் குற்றமன்று என்று வாதிட்ட அந்நூலுக்குக் கன்னரே முன்னுரை எழுதினார். வயது வந்த ஒருவர் தாமே முயன்று கற்றதன் பயன், எண்ணற்ற தாய்மார்களின் தலைமேல் இருந்த பழியை இறக்கிவைத்தது.

நாம் எவ்வாறு கற்பது?

அவரைப்போல் பெட்டிகளைக் கிளற வேண்டிய நிலை நமக்கில்லை. மலேசியாவில் தொலைக்கல்வி புதிதன்று. அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே வேலை செய்வோருக்கு வெளிவளாகக் கல்வியைத் தொடங்கியது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-இல் தோன்றியது. 'அப்பெல்' எனும் முறையின்கீழ், போதிய பள்ளித் தகுதி இல்லாதவரும் தம் பணி அனுபவத்தை மதிப்பிடச் செய்து உயர்கல்வியில் சேர வழியுண்டு. இளங்கலைப் பட்டத்திற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பட்டம் வேண்டாம், புரிதல் போதும் என்போருக்குக் குறுகிய பாடங்கள் உள்ளன. வளர்ச்சித் தாமதம் உடைய பிள்ளைகளின் பெற்றோருக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் ஓர் இணையவழிப் பயிற்சியை வெளியிட்டது. விளையாட்டிலும் அன்றாட வேலையிலும் பிள்ளையை எவ்வாறு ஈடுபடுத்துவது என்பதே அதன் சாரம். தமிழில் படிக்க விரும்புவோர், யெஸ். பாலபாரதி எழுதிய 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற நூலிலிருந்து தொடங்கலாம்.

கற்போர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில:

1. தினமும் அரை மணி நேரம் போதும். கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் அன்பர்களும் இதனைக் கடைப்பிடிக்கலாம்.

2. தனியாகப் படித்தால் சோர்வு வரும். நால்வர் சேர்ந்து, மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்ததை வாரம் ஒருமுறை தமிழில் பேசிப் பாருங்கள்.

3. கட்டணம் செலுத்துமுன், அந்தப் பாடத்தை யார் நடத்துகிறார், சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார் என்று விசாரியுங்கள். ஆட்டிசத்தை "முற்றிலும் குணப்படுத்துவோம்" என்று கூறிப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

4. சான்றிதழ் நம்மை மருத்துவராக்காது. பிறர் பிள்ளையைப் பார்த்து "இவனுக்கு ஆட்டிசம்" என்று தீர்ப்புச் சொல்வது தவறு. கிளினிக்குக்கும் சமூகநல இலாகாவுக்கும் அப்பெற்றோருடன் துணைக்குச் சென்று, மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுவதே நம் பணி.

கற்றதன் பயன்

இனி, தொடக்கத்தில் கண்ட அச்சிறுவனிடம் திரும்புவோம். கற்ற தொண்டர் ஒருவர் அன்று மண்டபத்தில் இருந்திருந்தால், ஒலிபெருக்கிக்கு அப்பால் அமைதியான இடத்தைத் தாய்க்குக் காட்டியிருப்பார். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போரை விலகச் சொல்லியிருப்பார். நெற்றியில் பிறர் விரல் படுவதைப் பொறுக்காத பிள்ளை என அறிந்து, திருநீற்றைத் தாயின் கையில் கொடுத்திருப்பார். கூட்டம் குறைந்த நேரம் எது எனச் சொல்லி, மீண்டும் வருமாறு அழைத்திருப்பார். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

பொருள் உதவ விரும்பும் கொடையாளர்களுக்கும் வழியுண்டு. ஒரு பாலர்பள்ளி ஆசிரியைக்கோ, ஆலயத் தொண்டருக்கோ இத்தகைய பயிற்சிக்கான கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாம். அன்னதானம் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும்; ஒருவர் பெறும் இந்தக் கல்வியோ அவரிடம் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பயன்படும்.

அடுத்த திருவிழாவில் அத்தாயும் மகனும் தீபாராதனை முடியும்வரை நம் நடுவே நின்று, திருநீறு பெற்றுச் செல்லும் நிலை வர, எல்லாம் வல்ல இறைவன் நமக்கு நல்லறிவு அருள்வானாக!