எதனோடு எது ஒப்பிடப்பட்டது? வெளிவந்த ஆய்வுக்கட்டுரையை மதிப்பிடும் முறை

ஓர் ஆய்வுக்கட்டுரை அச்சேறுவதற்கு முன் அதே துறையைச் சார்ந்த இரண்டு மூன்று அறிஞர்கள் அதைப் படித்துக் கருத்துரைப்பதைச் சக அறிஞர் மதிப்பீடு என்பர். இந்த மதிப்பீட்டைக் கடந்து வந்த கட்டுரை வெளியிடத் தக்கது என்று மட்டுமே கொள்ளலாமே தவிர, அதன் முடிவு இனிக் கேள்விக்கு அப்பாற்பட்டது என்று கொள்ளலாகாது. பல துறைக் கட்டுரைகளைத் தொடர்ந்து மதிப்பிட்டு வருவோரின் அனுபவத்தில், அத்துறையின் நுட்பங்களை முழுதும் அறியாதவரும் துணிந்து கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கட்டுரையில் எதனோடு எது ஒப்பிடப்பட்டது?

இக்கேள்வியின் வலிமையை உணர, ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள சாஆ பட்டணத்தின் வாசகர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. செம்பனையில் ஒரே மரத்தில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் வெவ்வேறு காலங்களில் தோன்றுவதால், மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சென்றாக வேண்டும். ஆண் பூவில் நுண்ணிய மகரந்தத்தூள் ஏராளமாக இருப்பதைக் கண்டவர்கள், காற்றே அதைக் கொண்டு செல்கிறது என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். ஒரு நூல் கூறியதை அடுத்த நூல் எடுத்தாண்டது. ஆனால் மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் காய்ப்பிடிப்பு, அதாவது பூக்களில் எத்தனை பங்கு கனியாகிறது என்னும் விகிதம், போதாமல் இருந்தமையால் தொழிலாளர்கள் மகரந்தத்தை முகப்பூச்சுத்தூளுடன் கலந்து பெண் பூக்களின்மீது கையால் தூவ நேர்ந்தது.

மலேசியாவிலும் கேமரூனிலும் பணியாற்றி, யூனிலிவர் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் பொறுப்பு வகித்த லெஸ்லி டேவிட்சன், ஆப்பிரிக்க மரங்களில் மொய்க்கும் பூச்சிகள் இங்கே இல்லாததைக் கவனித்துக் காற்றுக் கொள்கையை ஐயுற்றார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அந்த ஐயத்தை ஆய்வாக மாற்றினார். பூச்சி நுழையாதபடி மூடப்பட்ட பெண் பூங்குலைகளையும் திறந்து விடப்பட்ட குலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காற்றின் பங்கும் பூச்சியின் பங்கும் தனித்தனியே வெளிப்படும். இவ்வளவு எளிய ஒப்பீடு இல்லாமலேயே ஒரு கருத்து அத்தனை காலம் நூல்களில் நிலைத்திருந்தது என்பதை மதிப்பீட்டாளர் மறக்கலாகாது. மகரந்தத்தைக் கொண்டு செல்வதில் பூச்சிகளுக்கே முதன்மைப் பங்கு உண்டு என்னும் சையத்தின் முடிவுகள் 1979-இல் வெளிவந்தன. அப்பூச்சிகளுள் ஒன்றான, கேமரூனிலிருந்து தருவிக்கப்பட்ட மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கூன்வண்டு, பிற பயிர்களைத் தாக்காது என்று சோதித்து அறியப்பட்ட பின், 1981 பிப்ரவரியில் சிகாமட்டை அடுத்த குளுவாங்கின் மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது.

ஆயினும் வெற்றி பெற்ற ஆய்வும் அதே கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். வண்டு விரைவாக எங்கும் பரவிவிட்டமையால், அது வந்து சேராத தோட்டத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள இயலாமற்போயிற்று. எனவே வருகைக்கு முன்னும் பின்னும் கிடைத்த விளைச்சலை மட்டும் ஒப்பிடும் கட்டுரையில், மழை, உரம், மரத்தின் வயது ஆகியவற்றின் பங்கு எவ்வாறு கழிக்கப்பட்டது என்று தேட வேண்டும். அளக்கப்பட்ட பொருள் எது என்பதும் முக்கியம். குலையின் எடை கூடியபோது குலைகளின் எண்ணிக்கை குறைந்ததும் உண்டு. ஆகவே குலை எடையை மட்டும் காட்டும் அட்டவணையும் ஓர் எக்டருக்குக் கிடைத்த எண்ணெயைக் காட்டும் அட்டவணையும் ஒரே செய்தியைச் சொல்லா. இக்காரணத்தால் சுருக்கவுரையை விட்டு, முதலில் ஆய்வு முறையையும் அட்டவணைகளையும் படித்துத் தாமாக ஒரு முடிவை எழுதிக்கொண்டு, அதன்பின் ஆசிரியரின் முடிவைப் பார்ப்பதே தக்க வழியாகும்.

துறை மாறினும் கேள்வி மாறுவதில்லை. 2009-இல் ராஜேஷ் ராவ், ஐராவதம் மகாதேவன் உள்ளிட்டோர் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை, சிந்துவெளிக் குறிகளின் வரிசையில், ஒரு குறியை அடுத்து எது வரும் என்பதிலுள்ள நிச்சயமின்மையை அளந்து, அது பழந்தமிழ் உள்ளிட்ட மொழிகளின் அளவை ஒத்திருப்பதாகக் காட்டியது. கணினி மொழியியலாளர் ரிச்சர்ட் ஸ்புரோட் 2010-இல் எழுதிய மறுப்பில், மொழியல்லாத குறித்தொகுதிகளுக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டவற்றுள் முற்றிலும் ஒழுங்கற்றதும் முற்றிலும் இறுகியதுமான செயற்கை வரிசைகள் இடம்பெற்றதைக் குறை கூறியதோடு, பொது அறிவியல் இதழ்கள் இத்தகைய கட்டுரைகளை எவ்வாறு மதிப்பிடுகின்றன என்றும் வினவினார். ராவ் குழுவினர் அதே ஆண்டில், மறுப்பு வெளிவந்த இதழிலேயே விடையளித்தனர். தமிழர் பெருமைக்கு இசைவான முடிவு என்பதற்காக முதற்கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டுவதும், அது பிடிக்காதவர் மறுப்பை மட்டும் காட்டுவதும் ஒரே பிழையாகும். மூன்றையும் வரிசையாகப் படித்தவருக்கே அவற்றைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு.

மறுப்பு எழுதுவோர், ஆசிரியரே ஆம் இதுதான் என் வாதம் என்று ஒப்புமளவுக்கு அவர் கருத்தை முதலில் எடுத்துரைத்து, அதன்பின் எந்த அட்டவணையில், எந்தப் படிநிலையில் தடை எழுகிறது என்று சுட்ட வேண்டும். ஆசிரியரின் நோக்கத்தைப் பழிப்பதால் எந்த எண்ணும் திருந்துவதில்லை.

செம்பனையைப் பொறுத்தவரை, வண்டு வருவதற்கு முந்தைய நிலையே ஒப்பீட்டின் மறுபாதி. 1981-க்கு முன் தோட்டங்களில் கையால் மகரந்தம் தூவியவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். எந்தப் பருவத்தில், எத்தனை நாளுக்கொருமுறை, எந்த மரங்களுக்கு அவ்வேலை நடந்தது என்பதைச் சாஆ, லாபிஸ், குளுவாங் வட்டார மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, தோட்டத்தின் பெயரும் ஆண்டும் குறித்து எழுதி வைக்க வேண்டும்.