வெட்டுவதற்கு முன் பிரித்து வைப்போம்

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிடம் பெரும்பாலும் ஒரு பழந்துணி மூட்டை இருக்கும். கிழிந்த சாரம், நைந்த சேலை, பிள்ளைக்கு அளவு போதாத சட்டை, நிவாரணமாகக் கிடைத்த உடுப்பு என எல்லாம் அதில் கலந்து கிடக்கும். இவற்றை இணைத்து மார்கழிப் பனிக்குப் போர்வை தைக்கலாம் என்பது எமது தாய்மாருக்குத் தெரியாததல்ல. ஆயினும் தைப்பதில் வரும் பிழையைவிட வெட்டுவதில் வரும் பிழையே பெரிது. பிழையாகத் தைத்தால் தையலைப் பிரிக்கலாம்; பிழையாக வெட்டினால் துணி திரும்பி வராது. ஆகவே எதை வெட்டுவது, எதை வெட்டாமல் விடுவது, வெட்டியதை எப்படிச் சேமிப்பது என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

நாம் விட்ட தவறு

ஒரு தையல் வகுப்பிலே நாம் இதைப் பிழைவிட்டே கற்றோம். பல வீட்டு மூட்டைகளையும் ஒரே பாயில் கொட்டி, அன்றைக்கே எல்லாவற்றையும் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி முடித்தோம். மாலையில் ஒரு தாய் வந்து, தவறுதலாக மூட்டையோடு சேர்ந்துவிட்ட நீலக்கோட்டுச் சட்டை ஒன்றைக் கேட்டார். அது காணாமற்போன அவருடைய மகனின் சட்டை. இருட்டும்வரை தேடி 17 துண்டுகளை எடுத்துக் கொடுத்தோம். அவர் எம்மை ஏசவில்லை. துண்டுகளை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த கிழமை இன்னொன்றும் தெரியவந்தது: போர்வையின் அடிப்பக்கத்துக்கு வேண்டிய பெரிய துணி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜீஸ் பென்ட் பெண்கள்

அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து ஓடும் ஓரிடத்தில் ஜீஸ் பென்ட் என்ற ஊர் உண்டு. அடிமைகளாக இருந்தோரின் சந்ததியினர் அங்கே குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தனர். 1932இல், கடன் கொடுத்த வணிகர் இறந்தபின், அவரது குடும்பத்தார் ஆட்களை அனுப்பிக் கருவிகள், கால்நடைகள், விளைந்த சோளம் யாவற்றையும் அள்ளிச் சென்றனர். அக்குடும்பங்கள் பட்டினியின் விளிம்புக்கு வந்தன.

அவ்வூர்ப் பெண்கள் தோட்ட வேலை உடுப்புகளையும் சாக்குத் துணிகளையும் கொண்டு போர்வை தைத்தார்கள். அவர்களது முறைகளுள் ஒன்று, நடுவில் ஒரு துண்டை வைத்துச் சுற்றிவரக் கீலங்களை இணைத்துக்கொண்டே போவது. கீலத்தின் நீளம் துணியைப் பொறுத்தது; எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. காற்சட்டையின் வெளிறிய முழங்காற் பகுதியும், பொக்கற்றின் கீழே மங்காதிருந்த பகுதியும் அப்படியே போர்வையில் தெரியும்.

மிசூரி பெற்வே என்பவர், கணவர் இறந்தபின் 1942இல், அவரது வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைவிற்கொள்ளவும் அவரது அன்பில் போர்த்திக்கொள்ளவும் அதைச் செய்தார் என்று மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் கூறினார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அவ்வுடுப்பை வெட்டுவதென்று முடிவுசெய்தவர் அவரே என்பதாகும்.

முதலில் மூன்றாகப் பிரித்தல்

கத்தரிக்கோலை எடுக்குமுன் மூட்டையை மூன்று குவியலாக்குங்கள்.

1. வெட்டக்கூடாதவை. யாருடைய நினைவாவது தங்கியிருக்கும் உடுப்பை, உரியவர் தாமே கொண்டுவந்து தரும்வரை தொடவேண்டாம். வெட்டு என்றோ வெட்டாதே என்றோ சொல்ல மற்றவர்களுக்கு உரிமையில்லை.

2. முழுதாக வைக்க வேண்டியவை. 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் கொண்ட போர்வைக்கு, 6 யார் பருத்திச் சேலையில் 88 அங்குலத் துண்டுகள் இரண்டை எடுத்து அகலவாட்டில் இணைத்தால் அடிப்பக்கம் சரி. இன்னும் 40 அங்குலம் மிஞ்சும். எனவே நல்ல சேலையைத் துண்டாக்க வேண்டாம்.

3. வெட்டக்கூடியவை. இவற்றை வெந்நீரில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, தையல்களைப் பிரித்து விரியுங்கள். பருத்தியையும் நைலோன், பொலியெஸ்ரர் வகைகளையும் வேறாக்குங்கள். சந்தேகமானால் ஓர் இழையை எரித்துப் பாருங்கள்: பருத்தி கடதாசிபோல எரிந்து சாம்பலாகும், மற்றவை உருகிக் கட்டியாகும். சிவப்புத் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைச் சேர்க்க வேண்டாம்.

வெட்டும் அளவு

இரண்டே அளவுகள் போதும்: 4½ அங்குலம், 2½ அங்குலம். இவ்வளவில் இரண்டு மட்டைகளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் போக, இவை 4 அங்குலமும் 2 அங்குலமுமாக அமையும். 2½ அங்குலக் கீலங்கள் இரண்டை இணைத்தால் 4½ அங்குலக் கீலம் ஒன்றின் அகலம் வரும். 2½ அங்குலச் சதுரங்கள் நான்கு சேர்ந்தால் 4½ அங்குலச் சதுரம் ஒன்றாகும். ஆதலால் எந்த வீட்டுத் துண்டும் எந்த வீட்டுத் துண்டோடும் பொருந்தும்.

நீளமான துணியைக் கீலமாக வெட்டுங்கள். அகலம் மட்டும் அளவாக இருக்கட்டும், நீளத்தைத் துணி தரும் அளவுக்கு விடுங்கள். கீலத்தைப் பின்னர் சதுரமாக்கலாம். சதுரத்தைக் கீலமாக்க முடியாது. கீலத்துக்கு உதவாத சிறு துண்டுகளையே சதுரமாக்குங்கள். அதிலும் சிறியவை தலையணைக்குள் போகட்டும்.

எப்போதும் இழையின் போக்கிலே வெட்டுங்கள். கோணலாக வெட்டிய துண்டு இழுபட்டுப் போர்வையைச் சுருக்கும். 60க்கு 84 அங்குலப் போர்வையை முழுவதும் பெரிய சதுரங்களால் தைப்பதானால் 315 சதுரங்கள் வேண்டும். அத்தனையும் சேர்ந்தபின் தைக்கத் தொடங்குங்கள்.

சேமித்தல்

கீலங்களை அகலம் பார்த்துச் சுருட்டி, ஒவ்வொரு சுருளையும் துணிநாடாவால் கட்டுங்கள். சதுரங்களை இருபது இருபதாக ஒரே நூலில் கோத்துவிட்டால் எண்ணிக்கை கையிலேயே இருக்கும், சிதறவும் மாட்டா. றங்குப்பெட்டி இல்லாதவர்கள் தோய்த்த அரிசிப்பையில் இட்டு, கறையானும் எலியும் எட்டாதபடி வளையில் தொங்கவிடலாம். கிருமிநாசினி இருந்த பைகள் கூடவே கூடாது. ஈரம் போகாத துணியைப் பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இடையிடையே காய்ந்த வேப்பிலை வைத்து, மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். மாரி தொடங்குமுன் இதைத் தவறாது செய்யவேண்டும்.

கூட்டாகச் செய்வோர்க்கு

ஜீஸ் பென்ட்டையும் அயலூர்களையும் சேர்ந்த பெண்கள் 1966இல், எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குரு பிரான்சிஸ் வால்ற்றரின் துணையோடு, போர்வை தைக்கும் கூட்டுறவு ஒன்றை அமைத்தனர். 1960களின் இறுதியில் அது 23 ஏக்கர் காணி வாங்கி, வாக்காளராகப் பதிந்ததற்காகக் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர்க்கு அதிற் சில துண்டுகளை விற்றது. 1972இல் ஒரு பெருங்கடைக்குக் கோடுறோய் தலையணை உறைகள் தைக்கும் வேலை கிடைத்தது. எஞ்சிய கோடுறோய்த் துண்டுகளும் வீடுகளில் போர்வைகளாயின. தடித்த அத்துணி சின்னத் துண்டுகளுக்கு இசையாததால் அதைப் பெரிதாகவே வெட்டினார்கள். துணி சொல்வதைக் கேட்டு வெட்டுவது என்பது இதுதான்.

எமது அடுத்த வகுப்பில் முதல் நாள் கத்தரிக்கோல் வெளியே வரவில்லை. அன்று முழுவதும் துணிகளை விரித்து, இது யாருடையது என்று கேட்டு அறிந்தோம். அந்தத் தாயும் வந்தார். 17 துண்டுகளை அவர் இன்னும் தைக்கவில்லை. வேப்பிலையிட்டுப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் மூட்டையில் வெட்டாமல் வைக்க வேண்டியவை எவை? ஏன்?
2. பெரிய துணிகளையும் சிறிய துண்டுகளையும் வீடுகளிடையே எப்படிப் பகிரலாம்?
3. உங்கள் இருப்பிடத்தில் ஈரமும் கறையானும் அண்டாத இடம் எது?