மணலில் ஓடும் வண்டி

கேள்வி: விடுமுறைக்குத் தனுஷ்கோடி செல்கிறோம். எங்கள் பிக்கப் வண்டியைக் கடற்கரை மணலில் ஓட்டலாமா? – வாசகர், சங்கரன்கோவில்.

பதில்: 1964-ஆம் வருஷத்துப் புயல் ஊரையும் ரயில் பாதையையும் அழித்த பின்னர், 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் வரையில், யாத்ரீகர்களைச் சேற்றிலும் மணலிலும் ஏற்றிச் சென்ற வேன் ஓட்டுநர்கள் அவ்வித்தையில் நிபுணர்கள், தங்கள் பிக்கப் வண்டிக்கோ, பின்சக்கரங்கள் மட்டுமே உந்துபவையாதலால், பாரமின்றி இருக்கையில் பிடிமானம் குறைந்து, சுழலச் சுழல மணலைத் தோண்டி அச்சு வரை புதைந்துவிடுவதே சுபாவம். டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் பதியும் பரப்பு விஸ்தாரமாகும் என்பது வாஸ்தவமே, ஆனால் சாலைக்குத் திரும்பியதும் காற்றடிக்கப் பம்பு வேண்டுமே! ஆசை தீரவில்லையெனில், கண்ணூருக்கு அருகிலுள்ள முழப்பிலங்காடு கடற்கரையில், சுமார் 4 கிலோமீட்டர் தூரம் இறுகிய மணலில் ஓட்டலாம். மழைக்காலம் அதற்கு உகந்ததன்று.